குஞ்சு காக்கும் விரால்



வசந்த காலம் என்று புத்தகங்களில் படிக்கிறோம். குளிர் நாடுகளில் பனி உருகி, ஏரிகளில் நீர் தெளியும் அந்த நாட்களில், மக்கள் சிறு படகுகளை நீரில் இறக்கித் தூண்டில் போடத் தொடங்குவார்கள். நம் நாட்டில் பனியும் இல்லை. உருகுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் நமக்கும் ஒரு வசந்தம் உண்டு. அது மழையோடு வருகிறது.

பினாங்குப் பகுதியில் மார்கழிக் கடைசி தொடங்கி மாசி வரையில் மழை குறைவு. கான்களில் நீர் வற்றி, குளத்தின் ஓரம் வெடித்துக் கிடக்கும். பங்குனி நடுவிலிருந்து காற்று மாறும். பிற்பகலில் மேகம் கறுத்து, இடியோடு மழை கொட்டும். சித்திரைப் புத்தாண்டு வரும் வேளையில் கான்கள் நிறைந்து, குளங்கள் கரையைத் தொட்டு நிற்கும். அன்று மாலையே வீட்டு இறவாணத்தில் செருகி வைத்த மூங்கில் தூண்டில் கீழே இறங்கும். பிள்ளைகள் வாழையடியில் மண்ணைக் கிளறிப் புழு எடுப்பார்கள். சம்பான் வைத்திருப்பவர்கள் அதன் ஓட்டையை அடைப்பார்கள்.

தோட்டத்துக் குளங்களில் சிறு படகில் சென்று மீன் பிடிப்பதைப் பற்றியே இன்று நாம் பேசப் போகிறோம். மீன் பிடிக்கும் கைத்திறன் உங்களில் பலருக்குப் பரம்பரையாக வந்தது. ஆகவே எப்படிப் பிடிப்பது என்பதைவிட, எதைப் பிடிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும், ஏன் விட வேண்டும் என்பதையே இங்கே அதிகமாகப் பார்ப்போம்.

பைராம் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தெற்கே, நிபோங் திபால் வட்டாரத்தில் இருக்கிறது அது. மேற்கே கடல், கடலோரத்தில் பாக்காவ் மரங்கள் நிறைந்த சதுப்புநிலக் காடு. தெற்கே, நிபோங் திபால் நகரை ஒட்டிக் கிரியான் ஆறு ஓடுகிறது. இந்த வட்டாரத்து நிலம் தாழ்வானது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம் முன்னோர் பலர் முதன்முதலில் கால் வைத்தது அந்தக் கரும்புக் காடுகளில்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர் செம்பனை வந்தது. பயிர் மாறினாலும் ஒன்று மாறவில்லை. இத்தகைய நிலத்தில் நீரை வடிக்காமல் எதையும் நட முடியாது. ஆகவே கான் வெட்டினார்கள். கடல்நீர் உள்ளே வராமல் வரப்பு எழுப்பி, மதகு வைத்தார்கள். மண் எடுத்த இடங்கள் குளங்களாயின. மீன்கள் அந்தக் கான் வழியாகவே குளத்துக்கு வந்து குடியேறின.

இந்த நீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். தேநீர் போல் பழுப்பாக இருக்கும். இலைகளும் வேர்களும் ஊறிய நீர் அது. இப்படி அசையாமல் நிற்கும் நீரில், உதிர்ந்த இலை அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்துவிடும். ஓடும் ஆற்றில் வாழும் மீனைக் கொண்டுவந்து இதில் விட்டால் மூச்சு முட்டும். அப்படியானால் விராலும் கெளுத்தியும் பனையேறியும் செப்பாட்டும் இங்கே எப்படி வாழ்கின்றன?

அவை நம்மைப் போலவே காற்றைச் சுவாசிக்கின்றன என்பதே விடை. எல்லா மீன்களுக்கும் செவுள் உண்டு. இந்த மீன்களுக்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள், இன்னோர் உறுப்பும் இருக்கிறது. பனையேறிக்கும் செப்பாட்டுக்கும் அது மடிப்பு மடிப்பாக இருக்கும். கெளுத்திக்கு ஒரு சிறு மரக்கிளைபோல் பிரிந்திருக்கும். மேலே வந்து வாய் நிறையக் காற்றை விழுங்கி, அதில் உள்ள பிராணவாயுவை அந்த உறுப்பின் வழியாக இரத்தத்தில் சேர்த்துக்கொள்கின்றன. நீருக்கு மேலே வரவிடாமல் தடுத்துவிட்டால் விரால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். குளத்து நீரில் "பொளக்" என்று ஒரு சத்தம் கேட்டு, வட்டமாக அலை விரிந்தால், அது மீன் மூச்சு வாங்க வந்த இடம். அனுபவம் உள்ளவர் அந்தச் சத்தத்தைக் கேட்டே எது விரால், எது செப்பாட்டு என்று சொல்லிவிடுவார்.

சந்தையில் வாங்கிய விரால் பையிலிருந்து துள்ளி அடுப்படியில் ஓடுவதும், மழை இரவில் பனையேறி மீன் புல்தரையில் நெளிந்து ஒரு கானிலிருந்து அடுத்த கானுக்குப் போவதும் இந்தக் காரணத்தால்தான். பனையேறி என்ற பெயரே அதன் நடையைப் பார்த்து நம்மவர் வைத்த பெயர். மலாய்க்காரர்கள் அதைப் புயூ என்பார்கள். அது பனைமரத்தில் ஏறுகிறதோ இல்லையோ, செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகர்வது உண்மை.

இனி மழைக்கு வருவோம். வறட்சியில் நீர் குறையும்போது மீன்கள் ஆழமான குழிகளில் நெருக்கமாகக் கிடக்கின்றன. இரை குறைவு, எதிரிகள் அதிகம். மழை பெய்து நீர் கரை மீறும்போது, நேற்றுவரை காய்ந்து கிடந்த புல்லும் நீருக்குள் போகிறது. அதில் பூச்சிகளும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் பெருகுகின்றன. குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல உணவும் மறைவிடமும் இல்லை. மீன்களுக்கு இது தெரியும். ஆகவே மழை வந்த சில நாட்களில் அவை இணை சேர்கின்றன. குளத்தில் வேறு மாதங்களிலும் முட்டையிடுவது உண்டு. என்றாலும் புதுநீர் வரும் காலமே பெரிய பேறுகாலம்.

ஒவ்வொரு மீனும் பிள்ளையை வளர்க்கும் விதம் வேறு. ஆண் செப்பாட்டு வாயால் காற்றுக் குமிழிகளை ஊதி, புல்லுக்கிடையில் நுரையாலேயே ஒரு கூடு கட்டுகிறது. முட்டைகள் அந்த நுரையில் ஒட்டிக்கொள்ளும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண் மீன் கீழே நின்று காவல் காக்கும். இந்தச் சயாம் செப்பாட்டு நம் நாட்டுக்கு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சயாமிலிருந்து கொண்டுவரப்பட்டது. கிரியான் நெல்வயல்களில் அது பெருகி, பல குடும்பங்களுக்குக் கறியும் கருவாடும் தந்தது. வயலில் இரண்டு போகம் விளைவிக்கத் தொடங்கி, பூச்சிமருந்தும் அதிகமான பிறகு அந்த வயல்மீன் வெகுவாகக் குறைந்துபோனது.

திலாப்பியா இன்னொரு விதம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்து பரவியதால், பழைய ஆட்கள் அதை "ஜப்பான் மீன்" என்பார்கள். அன்று வந்த அந்த வகையில் தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். அத்தனை நாளும் அது ஒழுங்காக இரை தின்பதில்லை. வலையில் அகப்பட்ட பெண் திலாப்பியா வாயிலிருந்து மஞ்சள் மணிகள் போல் முட்டைகளைக் கொட்டுவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

இப்போது விராலைப் பார்ப்போம். மலாய்க்காரர் ஹாருவான் என்று சொல்வது இதைத்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்து கரையோரத்துப் புல்லை விலக்கி, ஒரு பாய் அளவுக்கு இடத்தைத் துப்புரவு செய்கின்றன. முட்டைகள் அந்த இடத்தில் மிதக்கின்றன. இரண்டொரு நாளில் குஞ்சு வெளிவருகிறது. நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். செங்கல் நிறத்தில், சிறு ஊசி போன்ற குஞ்சுகள். அவை பிரியாமல் ஒரே பந்துபோல் நகரும். மூச்சு வாங்க எல்லாம் ஒன்றாக மேலே வரும்போது, உலைநீர் கொதிப்பதுபோல் அந்த இடத்தில் நீர் துள்ளும். சம்பானில் இருந்து பார்ப்பவருக்குச் சிவப்பு விரிப்பொன்று நீரில் அசைவதுபோல் தெரியும். ஆழமான நீர்நிலைகளில் வாழும் தோமான் என்ற பெரிய விரால் இனமும் இப்படியே குஞ்சு காக்கும்.

அந்தச் சிவப்பு விரிப்பின் கீழே, ஒரு முழ ஆழத்தில், தாயும் தகப்பனும் நிற்கின்றன. பல வாரங்கள் அவை அந்த இடத்தைவிட்டு அகலுவதில்லை. குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தவளை வந்தாலும் கடிக்கும். இலை விழுந்தாலும் கடிக்கும். இரப்பரில் செய்த பொம்மைத் தவளை வந்தாலும் கடிக்கும். பசித்துக் கடிப்பதில்லை, பிள்ளையைக் காக்கக் கடிக்கிறது.

நேயர்களே, இன்றைய பேச்சின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குளத்திலேயே பிடிப்பதற்கு மிக எளிதான மீன் எதுவென்று கேட்டால், குஞ்சு காக்கும் விரால்தான். சிவப்புக் கொதிப்புக்கு நடுவே தூண்டிலைப் போட்டால் போதும். இரண்டாம் வீச்சிலேயே மீன் கையில் இருக்கும். பெரிய மீன், தயாரான குழம்பு. பக்கத்து வீட்டார் பார்த்து மெச்சுவார்கள். ஆனால் அந்த மீனைத் தூக்கிய மறுநிமிடம் குளத்தில் என்ன நடக்கிறது என்று நாம் நின்று பார்ப்பதில்லை. காவல் போன குஞ்சுகளைப் பனையேறி தின்னும்; பிற விரால்களே தின்னும்; மீன்கொத்தியும் கொக்கும் மேலிருந்து கொத்தும். மூன்று நான்கு நாட்களில் அந்தச் சிவப்பு விரிப்பில் கிழிந்த ஓரம்கூட மிஞ்சாது. நாம் பிடித்தது ஒரு மீன் என்று நினைக்கிறோம். உண்மையில் அடுத்த ஆண்டின் குளத்தையே பிடித்துவிட்டோம்.

"குளத்தில் முன்போல் மீன் இல்லை" என்ற குறையை எல்லாத் தோட்டத்திலும் கேட்கிறோம். மருந்து, குப்பை, தூர்ந்த கான் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றைத் திருத்துவது நம் ஒருவர் கையில் இல்லை. குஞ்சு காக்கும் மீனை விட்டுவிடுவது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. கிரியான் வயல்களுக்கு நீர் தருவதற்காக 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா ஏரி பேராக் மாநிலத்தில் இருக்கிறது. அந்த ஏரி கெலிசா என்ற பொன்னிற மீனுக்குப் பேர்பெற்றது. கெலிசாவின் குஞ்சுகளைத் தகப்பன் மீன் வாய்க்குள் வைத்துக் காக்கும். அழகு மீனாக வளர்ப்பவர்கள் பெரும் விலை கொடுப்பதால், குஞ்சு சுமக்கும் மீனைத் தேடிப் பிடித்து அதன் வாயிலிருந்து குஞ்சுகளை எடுத்தார்கள். இன்று காட்டு நீரில் கெலிசாவைக் காண்பது அரிது. அனுமதியின்றி அதை நாடுவிட்டு நாடு விற்பதை அனைத்துலக ஒப்பந்தமே தடுக்கிறது. விரால் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. வராமல் காப்பது நம் பொறுப்பு.

விடுவது என்பது நம் மக்களுக்குப் புதிய பழக்கமும் அல்ல. புரட்டாசியில் நாம் புலால் தொடுவதில்லை. பினாங்குப் பகுதியின் இரண்டாவது பெருமழைக் காலம் ஏறத்தாழ அப்போதுதான் வருகிறது. பக்திக்காக இருந்த அந்த நோன்பு, குளத்து மீனுக்கும் ஓர் ஓய்வைக் கொடுத்தது. தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசு விதித்திருக்கிறது. சித்திரையும் வைகாசியும் மீன் இனம் பெருகும் மாதங்கள் என்பதே காரணம். அன்றாடம் கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களே அத்தனை நாள் பொறுத்திருக்கும்போது, மாலைப் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் நாம் ஒரு சிவப்புப் பந்தை விட்டுவிட்டு அப்பால் போவது பெரிய காரியமா?

ஆகவே மூன்று வழக்கங்களை வைத்துக்கொள்வோம். சிவப்புக் கொதிப்பைக் கண்டால் துடுப்பைத் திருப்பி வேறு பக்கம் போவோம். தெரியாமல் காவல் மீன் மாட்டிவிட்டால், கையை நனைத்துக்கொண்டு, செவுளுக்குள் விரல் விடாமல் தூண்டிலைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே உடனே விடுவோம். விரால் ஏறத்தாழ ஒரு சாண் வளர்ந்த பிறகே முட்டையிடும். ஆகையால் அதற்குக் குறைந்த மீனை எந்த மாதத்திலும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அப்படியானால் எதைப் பிடிப்பது? குளம் நம்மை வெறுங்கையோடு அனுப்பாது. குஞ்சு இல்லாத இடத்தில், தாமரை இலை ஓரமாகவும் விழுந்த மட்டைகளின் அருகிலும், தனியாகத் திரியும் விரால் கிடைக்கும். சிறு மீனையோ தவளையையோ கோத்து, நீர்மேல் மெல்ல இழுத்தால் கடிக்கும். இருட்டும் வேளையில் மண்புழுவைக் கோத்து அடியில் இறக்கினால் கெளுத்தி வரும். திலாப்பியா பகலிலேயே ரொட்டித் துணுக்குக்கும் வரும். திலாப்பியா வேகமாகப் பெருகி மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அதை எவ்வளவு பிடித்தாலும் குளத்துக்கு நல்லதுதான். வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்த வெளிநாட்டு மீனையும், ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் குளத்திலோ ஆற்றிலோ விட வேண்டாம். அவை இருக்கிற மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து எடுக்கும்போது கவனம் தேவை. அதன் பக்கச் செட்டைகளில் உள்ள முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். வீக்கம் ஏறினாலோ, முள் உள்ளே முறிந்திருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிரியான் ஆற்றுப் பக்கம் சம்பானில் போகிறவர்கள் மீனைவிட ஊடாங் காலாவையே நாடுவார்கள். நீண்ட நீல நிறக் கால்கள் கொண்ட பெரிய ஆற்று இறால் அது. அந்த இறாலைப் பற்றிய ஒரு செய்தி பினாங்குக்கே பெருமை தருவது. பல காலமாக அறிஞர்கள் இந்த இறாலை வளர்க்க முயன்று தோற்றார்கள். தாய் இறால் நல்ல நீரில் வாழும், வயிற்றடியில் முட்டைகளைச் சுமக்கும், குஞ்சும் பொரிக்கும். ஆனால் அந்தக் குஞ்சுகள் சில நாட்களில் செத்துப்போகும். பினாங்கு குளுகோரில் இருந்த மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், ஐக்கிய நாட்டு உணவு விவசாய நிறுவனத்தின் வல்லுநர் சாவோ வென் லிங், 1961இல் இதன் மர்மத்தைக் கண்டுபிடித்தார். குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும்! கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அவை பிழைக்கின்றன. அந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்தே உலகெங்கும் இந்த இறால் வளர்ப்புத் தொழில் பிறந்தது.

இதன் பொருள் என்ன? ஆற்றில் வாழும் தாய் இறால் முட்டையைச் சுமந்துகொண்டு முகத்துவாரம்வரை இறங்கிப் போகிறது. அங்கே வளர்ந்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து மறுபடியும் ஆற்றில் ஏறி வருகின்றன. நம் கானில் கொட்டுகிற குப்பையும் மருந்தும் மதகு வழியே அந்தப் பாதையில்தான் போய்ச் சேருகின்றன. வயிற்றடியில் செம்மஞ்சள் நிற முட்டைக் கொத்தோடு இறால் கிடைத்தால், அதையும் குஞ்சு காக்கும் விராலாகவே நினைத்து விட்டுவிடுவோம்.

மருந்து என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். களைக்கொல்லி அடித்த பம்புகளையும் மருந்து டின்களையும் கானில் கழுவக் கூடாது. பராக்குவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதனால் மற்ற மருந்துகள் தீங்கற்றவை என்று ஆகிவிடாது. காரணம் தெரியாமல் செத்து மிதக்கும் மீனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். தூபா வேரை அரைத்துக் கலக்குவதும், பாட்டரியைக் கொண்டு மின்சாரம் பாய்ச்சுவதும் பெரிய மீன், குஞ்சு, முட்டை என்று பாராமல் எல்லாவற்றையும் அழிக்கும். நஞ்சு, வெடி, மின்சாரம் இவற்றால் மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நீருக்குள் மின்சாரம் விட்டவர் தாமே அதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனிப் படகு. குளத்துக்குச் சம்பான் இறக்குவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். சிறு சம்பானில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஏறும்போது நடுவில் கால் வைத்து உடனே உட்கார வேண்டும். பெரிய மீன் மாட்டிய மகிழ்ச்சியில் எழுந்து நிற்பதாலேயே பல சம்பான்கள் கவிழ்கின்றன. மீன் போனால் போகட்டும், உட்கார்ந்தே இழுங்கள். நீர் இறைக்க ஒரு பழைய டின் படகிலேயே கிடக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். மண் எடுத்த குளங்களில் கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்ததுமே ஆள் மூழ்கும் ஆழம் வந்துவிடும். அடியில் சேறு காலைப் பிடிக்கும். அத்தகைய இடத்தில் நீச்சல் மட்டும் காப்பாற்றாது.

யாராவது விழுந்துவிட்டால், பதறிப்போய் அடுத்தவரும் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் போன துயரங்களைச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். துடுப்பையோ மூங்கிலையோ நீட்டுங்கள். கயிறு கட்டிய காலி நெகிழித் தோம்பை வீசுங்கள். 999க்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரியவர் துணையின்றிக் குளத்துக்குப் போகக் கூடாது என்பதைத் தாய்மார்கள் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

மழைக்காலத்து வசந்தத்தில் இன்னோர் ஆபத்து இடி. பங்குனி, சித்திரையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் எழும்பும். திறந்த நீரின் நடுவே சம்பானில் உட்கார்ந்திருப்பவரே அங்கே உயரமான பொருள். கையில் நீண்ட தூண்டிலும் இருக்கிறது. முதல் இடி கேட்டதும் கரைக்கு வந்துவிடுங்கள். தனி மரத்தின் கீழ் நிற்காமல் வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்பிப் போக வேண்டாம்.

வீடு திரும்பியபின் சோப்புப் போட்டுக் கைகால் கழுவுங்கள். தோட்டங்களில் எலிகள் உண்டு. அவற்றின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு வெட்டுக் காயம் வழியாக உடலில் புகுந்து எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். காயம் இருந்தால் மூடிக்கொண்டு போங்கள். குளத்துக்குப் போய்வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், "குளத்தில் இறங்கினேன்" என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக அடுப்படி. பிள்ளை பெற்ற தாய்க்கும், அறுவை செய்துகொண்டவருக்கும் விரால் கொடுப்பது நம்மவரிடமும் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் உள்ள வழக்கம். நல்ல புரதம் உள்ள மீன் அது. ஆனால் மருத்துவர் தரும் மருந்துக்கு மாற்று அல்ல. குளத்து மீனை அரைவேக்காட்டில் உண்ண வேண்டாம். விராலின் சதையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத புழுக்கள் இருக்கக்கூடும். புளி கரைத்து, மிளகும் மஞ்சளும் சேர்த்து நன்றாகக் கொதிக்க விட்டால் அந்தப் பயம் இல்லை.

நேயர்களே, தோட்டத்தில் நமக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இருந்ததில்லை. வீடு நிர்வாகத்தினுடையது, மரம் நிர்வாகத்தினுடையது. குளத்து மீன் மட்டும் கூலி கேட்காமல், கணக்கில் எழுதாமல், மாதக் கடைசியிலும் நம் சட்டிக்கு வந்து விழுந்தது. சம்பளம் போதாத நாட்களில் பல குடும்பங்களைத் தாங்கியது அதுதான். இன்று தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போனவர்கள் அதிகம். விடுமுறையில் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர்கள் திரும்பி வருகிறார்கள். குளக்கரைக்குப் போய்த் தூண்டிலைக் கையில் கொடுக்கிறார்கள். அப்போது குளத்தில் மீன் இருக்க வேண்டாமா?

அடுத்த சித்திரையில் உங்கள் சம்பானுக்கு முன்னால் நீர் சிவப்பாகக் கொதித்தால், பேரப்பிள்ளையிடம் அதைக் காட்டுங்கள். "கீழே அம்மா அப்பா நிற்கிறார்கள்" என்று சொல்லுங்கள். பிறகு துடுப்பைத் திருப்புங்கள். அந்தப் பிள்ளை அதை மறக்காது.